பால் விடாத சொதி

1998 மார்ச் 12
கொலஸ்ரோல் 284. டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நாகேந்திரம், குளிசை மருந்தெல்லாம் பிறகு பாப்பம். முதல்ல வாயைக் கட்டும், காலை அவிட்டு விடும்." மூன்று மாதத் தவணை. அண்ணன் நெஞ்சுவலியில் போனது ஐம்பத்திரண்டு வயதில். எனக்கு வருகிற ஆவணியில் ஐம்பத்திரண்டு.
மனைவி கௌரியிடம் முழுவதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ?

மார்ச் 13
சொதியில் தேங்காய்ப்பால் இல்லை. மீன் பொரியல் இல்லை. "இது சொதியே, மஞ்சள் தண்ணியே?" என்று கேட்டேன். "உயிரோடை இருக்க விரும்புற மனிசன் குடிக்கிற சொதி" என்றாள்.

மார்ச் 20
விடிய ஐந்தரைக்கு நடை. சண்டைக் காலம், கடற்கரையில் காவல் அதிகம். ஆகவே எங்கள் வீட்டு முன் ஒழுங்கையையே சுற்றிச் சுற்றி வருகிறேன். கீழ்வீட்டு ஒஸ்வால்ட் தேத்தண்ணியோடு வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறார்.

ஏப்ரல் 2
அரிசிமாவுக்குப் பதில் கறுத்தக் குரக்கன்மாப் பிட்டு. வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

ஏப்ரல் 9
விடிய ஒரு பொலிஸ் ஜீப் வந்து நின்றது. ஒரே ஒழுங்கையில் எத்தனை தரம் சுற்றுகிறாய், எதை வேவு பார்க்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பிறகென்ன — ஏத்திக்கொண்டு போட்டாங்கள். பொலிசில் வாங்கிலை இருத்தி வைச்சது ரெண்டு மணித்தியாலம். பயத்திலை சிங்களம் ஒரு சொல்லும் வரேல்லை.
கௌரி, ஒஸ்வால்டையும் கூட்டிக்கொண்டு ஓடிவந்தாள். கையில் இரத்தப் பரிசோதனைத் துண்டு. ஒஸ்வால்ட் சிங்களத்தில் விளக்கினார். இன்ஸ்பெக்டர் துண்டைக் கனநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, தனக்கு முந்நூற்றுப் பத்து என்றார். வீட்டில் என்ன சமைக்கிறீர்கள் என்றும் கேட்டார்.
கௌரி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வல்லாரைச் சம்பல் வரைக்கும் சொன்னாள், ஒஸ்வால்ட் மொழிபெயர்த்தார். விடுதலையான நான்தான் அவளை அங்கிருந்து இழுத்துவர வேண்டியிருந்தது.

ஏப்ரல் 10
போவதா, விடுவதா? ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். ஒஸ்வால்ட் கன்வஸ் சப்பாத்தோடு நிற்கிறார். "வாரும் ஐசே, ரெண்டு பேர் எண்டால் பயமில்லை."
போனேன்.

மே 15
கந்தோரில் கூட வேலை செய்பவர் ஒருவருக்குப் பிரியாவிடை. மட்டன் ரோல் இரண்டு. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 15
212! டொக்டர் கை தந்தார். கௌரிக்கு என்னைவிடப் பெருமை. "நீங்களும் ஒருக்காப் பாத்தால் என்ன?" என்று டொக்டர் அவளைக் கேட்டார். "எனக்கென்ன குறை?" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள்.

ஜூன் 18
கௌரிக்கு 291.
நான் கந்தோருக்குப் போனதும் தனக்கு மட்டும் றால் குழம்பு வைத்துச் சாப்பிட்டவளாம். சொல்லிச் சிரித்தாள், பிறகு அழுதாள். இத்தனை வருசத்தில் இவளை ஒருநாளாவது டொக்டரிடம் கூட்டிப்போனேனா நான்?

ஜூன் 20
விடிய மூன்று பேராக இறங்கினோம். இரண்டாம் சுற்றில் கௌரிக்கு மூச்சு வாங்கியது. "கையைத் தாங்கோ" என்றாள். ஒஸ்வால்ட் இங்கிதம் தெரிந்தவர், முன்னால் போய்விட்டார். கலியாணம் கட்டி இருபத்தாறு வருசம். தெருவில் கை பிடித்து நடந்தது இன்றுதான். மெதுவாகவே நடந்தோம்.