சிவப்பாகத் தெரியும் காடு

ஓசூர், 18 மார்ச் 1993

1. மார்ச் 4: தளி சாலைக் காட்டின் செயற்கைக்கோள் படத்தைத் தொழிற்பேட்டைக்கு இடம் தேடும் குழுவிடம் கொடுத்தேன். இத்தகைய படத்தில் செழித்த மரங்கள் சிவப்பாகவும் வெறும் பாறை பச்சை நீலமாகவும் தெரியும் என்று விளக்கத்தாளும் இணைத்திருந்தேன். அதை எவரும் படிக்கவில்லை.

2. மார்ச் 18: இன்றைய கூட்டத்தில் குழுத் தலைவர் அந்தச் சிவப்பின் மேல் விரலை ஊன்றினார். "செவசெவன்னு காஞ்சு கெடக்குது பாருங்க. இங்கயே ஷெட்டு போட்டுடலாம்."

"சார், அந்தச் செவப்புதான் காடு. கர்நாடகாவுலேர்ந்து யானைங்க எறங்குற வழி. நீங்க காடுன்னு ஒதுக்கி வெச்சிருக்கிற பச்சை, கல்குவாரி," என்றேன்.

"யானைக்கு ஒரு கேட் பாஸ் போட்டுக் குடுத்துடலாம், புரொபசரே!" என்றார் தலைவர்.

அறையே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் தீர்மானத்தில் கையெழுத்தும் இட்டுவிட்டார்கள்.

காட்டைக் காக்க நான் தயாரித்த படத்தைக் காட்டியே அந்த யானை வழியை அடைக்கப் பார்க்கிறார்கள். அதற்கு நான் இடங்கொடுக்கப் போவதில்லை. நாளை காலை தலைவரின் மேசைக்குப் போகும் கடிதத்தின் வாசகம் இதுதான்:

"தாங்கள் விரல் வைத்த அதே இடத்திற்கு என்னோடு நடந்து வந்து பார்த்துவிட்டு, அங்கே நிற்பது மரமா, கட்டாந்தரையா என்பதை மார்ச் 25 மாலை ஐந்து மணிக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்."