கைதிக்கு யார் தண்ணீர் கொடுத்தார்கள்

என் நாவலின் பின்பாதியை எடுத்துக்கொண்டு போனவளுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கும் வழக்கமான வரியை எழுத இந்த முறை கை வரவில்லை. உன் கடிதத்தில் ஆய்வகத்துக்கு வந்த புது இயந்திரத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. எதிர்வீட்டு நாயைப் பற்றி அரைப் பக்கம். கடைசியில், கையெழுத்துக்கு மேலே, இடம் மிச்சமிருந்ததால் எழுதியதுபோல ஒரு வரி: வயிற்றில் இருக்கும் கட்டியைப் பதினான்காம் தேதி எடுக்கிறார்கள், பெரிதாக ஒன்றுமில்லை, உங்களுக்கு அன்றைக்குத்தான் விசாரணை, வர வேண்டாம். என்ன மாதிரிக் கட்டி என்று எழுதவில்லை. நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தையும் சதையையும் சோதித்து முடிவு எழுதிக் கொடுக்கிறவள் நீ. உன் முடிவை மட்டும் எனக்கு எழுத மாட்டாய். போனில் நீ மழுப்புகிறாய், நான் கத்துகிறேன் என்பதால்தான் கடிதத்துக்கு மாறினோம். கடிதத்திலும் மழுப்பக் கற்றுக்கொண்டுவிட்டாய்.

விசாரணையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பதினான்காம் தேதி காலை கல்லூரி நிர்வாகக் குழு என் முறையீட்டைக் கேட்கிறது. இரண்டு முறை தள்ளிப்போட்டவர்கள் அவர்கள்; நான் ஒரு முறை கேட்டால் மட்டும் முடியாதாம். மாடி வீட்டு வக்கீல் உடைத்துச் சொல்லிவிட்டார், "சார், அன்னைக்கு நீங்க நேர்ல நிக்கலைன்னா ஃபைலைக் கட்டி மேல போட்டுருவாங்க, அப்புறம் எவன் இறக்குவான்" என்று.

உனக்குத் தெரியாத கதையில்லை. இருந்தாலும் எழுதினால்தான் எனக்கு ஆறுகிறது. நான் பல வருடம் பார்த்துப் பார்த்துக் கட்டிய நாவல் பாடம் அது. பனி பெய்யும் நாடுகளின் தலையணை நாவல்கள், தீவுகளில் எழுதப்பட்ட மெலிந்த நாவல்கள், மை காயாத புதியவை எல்லாம் அதில் உண்டு. மனிதன் எதற்காகச் சரியானதைச் செய்ய வேண்டும் என்ற ஒரே கேள்வியை நாடு நாடாகப் போய்க் கேட்கிற பாடம். அதைத் தூக்கிவிட்டு 'நேர்மறைச் சிந்தனைத் திறன்' என்று ஒன்றை வைத்தவன் என்னிடமே படித்தவன். நாம் பல்வரிசை என்று பெயர் வைத்தோமே, அவன்தான். இப்போது எனக்குத் துறைத்தலைவர். "சார், இப்ப பசங்களுக்குத் தடி புக்கெல்லாம் ஏறாது சார், நீங்க சுருக்கம் எழுதிக் குடுங்களேன், ஒரு ஸ்லைடுல போட்டுருவோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். படித்துத் தூக்கம் கெட வேண்டிய நாவலை ஒரு ஸ்லைடில். அதைச் சொல்லும்போது அவன் குடித்துக்கொண்டிருந்தது நான் வாங்கிக் கொடுத்த காபி. அதையும் நான் மறக்கவில்லை. மறக்காமல் இருப்பதை நீ ஒரு நோய் மாதிரிச் சொல்வாய். எங்கள் தொழிலில் அதற்கு ஞாபகசக்தி என்று பெயர்.

உன் அண்ணன் போன் செய்தார். எடுத்த எடுப்பில், "என்ன மாப்பிள்ளை, பொண்டாட்டி பெருசா பாடப்புத்தகம் பெருசா" என்றார். "நீங்க போகலைன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் போய்க்கிறேன். எனக்குக் கோர்ட்டு கச்சேரின்னு ஒண்ணும் கிடையாது" என்றும் சொன்னார். நம் கல்யாணத்தில் என் புத்தகப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "பழைய பேப்பர்காரனுக்கா பொண்ணைக் குடுத்தோம்" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டவர். அதற்கு இன்னும் வருத்தம் தெரிவிக்கவில்லை. "பார்க்கலாம் மச்சான்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

இனி நாவல். நீ வெளியூரில் புது வேலைக்குக் கிளம்பிய வாரம் இருவரும் ஒரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றோம். வழக்கம்போல முதுகுத் தையலில் கத்தியை ஓட்டி இரண்டாக்கினேன். எந்த நாவலையும் நடுவிலிருந்து படிக்கத் துணிந்த ஆள் நான் அறிந்தவரை நீ ஒருத்திதான் என்பதால் நம் வீட்டில் இது செல்லுபடியாகிறது. இதில் உவமை எதையும் தேடாதே. வகுப்பில் எவனாவது தேடினால் உட்காரச் சொல்லிவிடுவேன்.

பின்பாதியை முடித்துவிட்டுக் கேட்டிருக்கிறாய், அந்தச் சிறை மருத்துவருக்குக் கைதிமேல் ஏன் இத்தனை வெறுப்பு என்று. சொல்கிறேன். அந்தக் கைதி ஒரு காலத்தில் மருத்துவரின் தந்தைக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொன்னவன். தந்தை அவமானத்திலேயே செத்தார். இப்போது வேறொரு கொலைக்காக அவனுக்குத் தூக்கு. ஆனால் கடுமையான காய்ச்சலில் கிடக்கிறான். நோயாளியைத் தூக்கிலிடக் கூடாது என்பது அங்கே விதி. மருத்துவர் குணப்படுத்தினால் கயிற்றுக்குப் போவான், கைவிட்டால் கட்டிலிலேயே போவான். வைத்தியம் பார்ப்பது கடமையா பழியா? பார்க்காமல் விடுவது கருணையா, இல்லை அதுவும் பழிதானா? இந்த இடத்தில் முன்பாதி நிற்கிறது. பாடம் மட்டும் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் வகுப்பெடுத்திருப்பேன்.

இந்த முறையீடு நியாயத்துக்கா, பல்வரிசையைப் பழிவாங்கவா என்று போன கடிதத்தில் என்னைக் கேட்டாய். இரண்டுக்கும்தான். நியாயம் என்ன, ஒரு சொட்டுப் புளிப்பு விழுந்தால் திரிந்துபோகிற பாலா? எனக்கு அதில் வெட்கமில்லை.

நாவலைப் பற்றிய உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பின்பாதி ஆரம்பிக்கும்போதே கைதியின் உதடு வெடித்திருக்கிறது என்று எழுதி, 'முன்னாடி அவனுக்கு யாராச்சும் தண்ணி குடுத்தாங்களா?' என்று கேட்டிருக்கிறாய். ஆய்வகக்காரியின் கேள்வி என்று சிரித்தேன். முன்பாதியில் எங்காவது இருக்கும் என்று தேடினேன். சனிக்கிழமை முழுக்கத் தேடினேன். மருத்துவர் தாழ்வாரத்தில் நடக்கிறார். ஜன்னலோரம் நிற்கிறார். சிறைப் பாதிரியாரோடு கடமையைப் பற்றி வாதாடுகிறார்; அந்த வாதம் அருமையானது, பக்கம் பக்கமாகக் கோடு போட்டிருக்கிறேன். அத்தனை பக்கத்திலும் ஒருவரும் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. கட்டிலருகே மேசைமேல் ஒரு கூஜா இருக்கிறது. மருத்துவர் அதைத் தள்ளிவைத்துவிட்டு அந்த இடத்தில் தன் தொப்பியை வைக்கிறார். அந்த வரிக்கும் நான் கோடு போட்டிருந்தேன், நடை நன்றாக இருக்கிறது என்று.

ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்துக்குப் போய் டிக்கெட் எடுத்தேன். பதின்மூன்றாம் தேதி மதியம் அங்கே இருப்பேன்.

வக்கீலிடம் என் தரப்பை எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இவ்வளவு தூரம் இழுத்துக்கிட்டு வந்துட்டு இப்ப கயித்தை விடுறீங்களே சார்" என்றார். உனக்கு ஆபரேஷன் என்றேன். "அப்ப சரி, போயிட்டு வாங்க" என்றவர், வாசல்வரை வந்து, "அவனுங்க சந்தோஷப்படுவானுங்களே" என்றார். படட்டும். அன்றைக்குப் பல்வரிசைக்குக் கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியும். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

அதனால் நான் பெருந்தன்மையோடு வருகிறேன் என்று நினைத்துவிடாதே. யாரையும் மன்னித்துவிட்டு வரவில்லை. திரும்பியதும் பல்கலைக்கழகத்துக்கு எழுதுவேன். அதற்கு மேலும் ஓர் இடம் இருந்தால் அங்கேயும் எழுதுவேன். அவர்கள் வகுப்பறை தராவிட்டால் நம் கூடத்தில் பாய் விரித்துப் பாடம் நடத்துவேன். தடி நாவலாகத்தான் எடுப்பேன். நாலு பேர் வந்தால் போதும், ஒருவனும் வராவிட்டால் வக்கீலைப் பிடித்து உட்கார வைத்துக்கொள்கிறேன். நீ எழுந்து நடமாடும்வரை அங்கேதான் இருப்பேன். எனக்குச் சேர வேண்டிய விடுப்பெல்லாம் அப்படியே இருக்கிறது. அதையாவது அவர்களால் எடுக்க முடியவில்லை.

நீ கேட்ட சாம்பல் நிற ஸ்வெட்டர் கிடைத்துவிட்டது. பீரோவில் இல்லை, என் அலமாரியில் புத்தகங்களுக்குப் பின்னால் கிடந்தது. அங்கே எப்படிப் போனது என்று உனக்குத் தையல் பிரித்த பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். உன் அண்ணனுக்கு விஷயத்தை நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் அவர் சொல்லித்தான் வந்தேன் என்று ஆகிவிடும்.

வர வேண்டாம் என்று பதில் எழுதாதே. அது இங்கே வந்து சேரும்போது வீடு பூட்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். யாரும் இல்லை, நானே பார்த்துக்கொள்வேன் என்று உன் வழக்கப்படி சொல்லிவிடாதே. வீட்டுக்காரர் வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்.

கோபம் எதுவும் குறையாமல்,
உன் வீட்டுக்காரன்