தகரக் கூரைக்குக் கீழே ஒரு பால்பாம்புக் குட்டி

ஜூலை 21

என் பாம்புக்குட்டி மிளகாய் இன்றும் தண்ணீர்க் கிண்ணத்தைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாவது நாள். குளிக்கப் பிடிக்கிறது போலிருக்கிறது என்று நேற்றுவரை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். இன்று வெப்பமானியை எடுத்து வைத்துப் பார்த்தேன்.

பெட்டியின் ஒரு மூலையில் 33 டிகிரி, மறு மூலையில் 32. புத்தகத்தில் சூடான பக்கம் 29, குளிர்ந்த பக்கம் 24 என்று இருக்கிறது. பால்பாம்புக் குட்டிக்குச் சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது, அடியில் ஹீட்டர் விரிப்பு கட்டாயம் என்றும் இருக்கிறது. போட்டிருக்கிறேனே. அப்புறம் என்ன குறை?

இன்று காலை கிண்ணத்தில் இருந்தபடியே ஒரு எலிக்குஞ்சை விழுங்கியது. அந்த மட்டில் நிம்மதி.

ஜூலை 23

மதியச் சாப்பாட்டு நேரத்தில், நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடையிலிருந்து ஓடி வந்து பார்த்தால், கக்கி வைத்திருக்கிறது. முழு எலிக்குஞ்சும் அப்படியே. பாம்பு விற்ற கடைக்காரன் ஆ-காய்க்குப் போன் செய்தேன். ஐந்து நாளாகக் குளிக்கிறது என்று சொன்னதும் சிரித்தான்.

"அம்மா தாயே, அது குளிக்கல, வேகுது. நம்ம தாய்னான் ஊரு வெயில்ல, தகரக் கூரைக்குக் கீழ, ஹீட்டரையும் போட்டு வெச்சிருக்கியா? சூப் வைக்கப்போறியா? எந்த ஊரு புத்தகம் அது?"

புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். பனி கொட்டுகிற ஊர்ப் புத்தகம்.

பிறகு அவன் சிரிக்கவில்லை. கக்கின குட்டிக்குத் தொண்டை புண்ணாகியிருக்கும், பன்னிரண்டு நாள் தண்ணீர் மட்டும்தான், எவ்வளவு கெஞ்சினாலும் இரை கொடுக்காதே, மறுபடி கக்கினால் பிழைக்காது என்றான். எட்டு கிராம் இருக்கிற உயிர். பென்சில் தடிமன்கூட இல்லை. பன்னிரண்டு நாள்!

ஜூலை 24

ஹீட்டரைப் பிடுங்கி எறிந்தேன். ஏ.சி. போட்டால் அரை மணியில் ஃப்யூஸ் போகிறது. தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, துண்டில் சுற்றி, பெட்டிக்குள் ஒரு ஓரமாக வைத்தேன். 27. மூன்று மணி நேரம்தான் தாங்கும். அதனால் காலை, மதியம், மாலை என்று ஸ்கூட்டரில் பறந்து வந்து பாட்டில் மாற்றுகிறேன்.

கீழே ஷியாவ் அத்தை, "என்ன பொண்ணே, மூணு வேளையும் வீட்டுக்கு ஓடி வர்றே? எவனையாவது ஒளிச்சு வெச்சிருக்கியா?" என்றார். இந்த வீட்டின் சொந்தக்காரர். வளர்ப்புப் பிராணி கூடாது என்று ஒப்பந்தத்தில் சிவப்பு மையில் எழுதினவர். தலைவலி என்று ஏதோ உளறினேன்.

ஜூலை 28

கிண்ணத்தைவிட்டு வெளியே வந்துவிட்டது. மூடியில் மூக்கை முட்டிக்கொண்டு நாக்கை நீட்டுகிறது. பசி. என் கையின் சூட்டைக்கூட இரை என்று நினைக்கிறது. ஃப்ரீசரில் மோமோ பாக்கெட்டுக்குப் பின்னால் பதினோரு எலிக்குஞ்சுகள் இருக்கின்றன. நான் பாவி.

ஜூலை 31

கொடுக்கவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கொடுக்கவில்லை.

விவாகரத்துக்குக்கூட இப்படி அழுததில்லை. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னை நம்பி இருக்கிற ஒரே உயிர் இது, என்ன செய்ய?

ஆகஸ்ட் 3

ஏழு கிராம். ஒரு கிராம் போய்விட்டது. நாளைக்குக் கொடுக்கலாம். நாளைக்கு.

ஆகஸ்ட் 4

பெட்டி காலி.

பாட்டிலை மாற்றின அவசரத்தில் மூடியின் ஒரு கொக்கியைப் போடாமல் போயிருக்கிறேன். நான்தான். வேறு யார்?

ஆகஸ்ட் 6

கட்டிலை நிமிர்த்தி, செருப்பெல்லாம் உதறி, கழிவுக் குழாயில் டார்ச் அடித்து— இல்லை. அறை மதியம் 37 டிகிரி. இங்கே இருந்தால் இந்நேரம் செத்திருக்கும். செத்திருந்தால் நாற்றமாவது வருமே? மாடிப்படியில் தவழ்ந்து தேடும்போது அத்தை பார்த்துவிட்டார். தோடு விழுந்துவிட்டது என்றேன். அவரும் உட்கார்ந்து தேடினார். பாவம்.

ஆகஸ்ட் 7

கிடைத்துவிட்டது. கிடைத்தும் எடுக்க முடியவில்லை.

காலையில் அத்தை என் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "சத்தம் போடாதே. எங்க வீட்டுக்காரர் வந்திருக்கார்" என்றார்.

அவர் செத்து நாலு வருஷம். இது நிலாக் கணக்கில் ஏழாம் மாதம், செத்துப்போனவர்கள் வீடு திரும்புகிற மாதம். பூஜை மேசைக்கு அடியில், செத்தவர்களுக்காக எரிப்பதற்கு அடுக்கிவைத்த காகிதப் பணக் கட்டுகளுக்குப் பின்னால், குளிர்ந்த தரையில் சுருண்டு கிடந்தது என் மிளகாய்.

"செவப்பு, கறுப்பு, வெள்ளை. கல்யாணத்தன்னிக்கு அவரு கட்டுன டை இதே மாதிரிதான். மத்த மாசமா இருந்தா பாம்புன்னு அலறியிருப்பேன். நல்லவேளை இந்த மாசம் வந்தாரு."

முன்னால் ஒரு கிண்ணத்தில் பச்சை முட்டை. அவருடைய பழைய மின்விசிறியையும் வைத்திருந்தார். அவரால் வெக்கை தாங்க முடியாதாம்.

மின்விசிறியை இன்னும் கொஞ்சம் அதன் பக்கம் திருப்பிவைத்துவிட்டு மாடி ஏறிவிட்டேன். கோழை.

ஆகஸ்ட் 8

மேசைக்கு அடியில் வெப்பமானியை நழுவவிட்டுப் பார்த்தேன். 26. நான் ஸ்கூட்டரில் அலைந்தும் கொண்டுவர முடியாத குளிர்ச்சியை அதுவே போய்த் தேடிக்கொண்டது.

ஆனால் முட்டையைத் தொடவில்லை. எப்படித் தொடும்? அதன் தலையே சோயா விதை அளவுதான். அத்தைக்கு முகம் வாடிவிட்டது.

"என் மேல இன்னும் கோவம்தான். ஆஸ்பத்திரியில கடைசி வாரம் மீன் கஞ்சி வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. குழாய் போட்டிருக்கு, வாய்ல ஒண்ணும் குடுக்கக் கூடாது, மூச்சுக்குழாய்ல போயிடும்னாங்க. நான் குடுக்கல. என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பசியோட அனுப்பிட்டேன்."

பதினாறு நாள் பட்டினி ஒரு பக்கம். இந்த அம்மாள் ஒரு பக்கம். நான் நடுவில் திருடி மாதிரி நிற்கிறேன்.

ஆகஸ்ட் 9

அத்தை கோயிலுக்குப் போன நேரத்தில் இறங்கினேன். இருப்பதிலேயே சின்ன எலிக்குஞ்சு. வெந்நீரில் போட்டு, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து, இடுக்கியால் நீட்டினேன். பிடித்துக்கொண்டது. ஆறு நிமிஷம். விழுங்குகிற வரைக்கும் நானும் மூச்சு விடவில்லை.

மாலையில் அத்தை அழுதுகொண்டே மாடி ஏறி வந்தார். "சாப்பிட்டாரு பொண்ணே. வயிறு தெரியுது. முட்டை அப்படியே இருக்கு, ஆனா சாப்பிட்டாரு." என்னைக் கட்டிக்கொண்டார்.

இப்போது எப்படிச் சொல்வது? எப்படிச் சொல்லாமல் இருப்பது?

ஆகஸ்ட் 12

கக்கவில்லை. மூன்று நாளாகிவிட்டது, இனிக் கக்காது.

சொல்லிவிட்டேன்.

"அத்தை, அது என் பாம்பு. மாடியில வளத்தேன். கூடாதுன்னு தெரிஞ்சேதான் வளத்தேன். அன்னிக்கு இரை குடுத்ததும் நான்தான்."

அத்தை கையில் ஊதுபத்தியோடு நின்றார். அறையைக் காலி பண்ணு என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"ஏன் இவ்வளவு ஒல்லியா இருக்கு? சோறு போடறதில்லையா நீ?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஹீட்டர், கக்கினது, பன்னிரண்டு நாள்.

"அதுக்குப் பசிச்சுதா?"

"பசிச்சுது. மூடியில முட்டிக்கிட்டு நின்னுச்சு."

"பாத்துக்கிட்டே இருந்தியா?"

"குடுத்தா செத்துப்போயிருக்கும் அத்தை."

"உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

திட்டுகிறார் என்று நினைத்தேன். இல்லை. பதில் தெரிந்தாக வேண்டும் என்பதுபோல என் முகத்தையே பார்த்தார்.

"வரல. குளியலறையில போய் அழுதேன். அழுதுட்டு, குடுக்காம இருந்தேன்."

அத்தை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஊதுபத்தி அவர் விரல்வரை எரிந்து வந்தது. நான் வாங்கிச் செருகினேன். "மேல போ" என்றார்.

ஆகஸ்ட் 13

அத்தை மேலே வரவில்லை. நானும் இறங்கவில்லை. துணிகளை மடித்து வைத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

ஆகஸ்ட் 14

காலையில் கீழிருந்து குரல். "பொட்டிய எடுத்துக்கிட்டு வா. பின்னால ரூம்ல வெயில் அடிக்காது. எத்தனை டிகிரி வேணும் அதுக்கு?"

இருபத்தாறு என்றேன்.

"எலியை மட்டும் என் கண்ணுல காட்டாதே."

வைத்தோம். ஒன்று தின்றது. மூடியின் நாலு கொக்கியையும் அத்தை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

ஆகஸ்ட் 18

ஏழாம் மாதத்துப் பௌர்ணமி. வாசலில் படையல் மேசை. கோழி, அன்னாசி, பிஸ்கட் பாக்கெட் எல்லாம் எப்போதும்போல.

உள்ளே, பூஜை மேசைக்கு அடியில் இருந்த முட்டைக் கிண்ணம் இல்லை. மேலே, அவருடைய படத்துக்கு முன்னால், ஒரு பெரிய கிண்ணத்தில் மீன் கஞ்சி. இஞ்சி, மிளகுத்தூள், ஆவி பறந்துகொண்டிருந்தது. நாலு வருஷத்தில் முதல் தடவையாம். மீன் மார்க்கெட் பக்கமே போனதில்லையாம்.

மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கரண்டியைப் படத்தின் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"அன்னிக்குக் குடுக்கக் கூடாதுங்க. இப்ப சாப்பிடுங்க."

பிறகு எனக்கொரு கிண்ணம், தனக்கொரு கிண்ணம் ஊற்றினார். முள்ளைப் பார்த்துச் சாப்பிடு என்றார். மிளகாய்க்கு இரை நாளைக்குத்தான்.