லாலாங் திரும்பி வந்த பாத்திகள்

சுங்கை சிப்புட்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள ஜெனட்டுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நலம். இடுப்பு மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, எனக்கு அனுப்பும் புல் பெட்டிக்குள் ஒரு கடிதம் வையுங்கள் என்றாய். வைத்திருக்கிறேன்.

பூசை முடிந்து நேரே பழைய ரப்பர் தோட்டத்துக்குத்தான் போனேன். உன் ஆராய்ச்சிப் பாத்திகளில் நீ குறித்துக் கொடுத்தவற்றுக்கு மட்டும் பாஜா உரம் போட்டேன். மழையைத் தடுக்கும் பிளாஸ்டிக் கூரை ஒன்றைக் காற்று தூக்கிவிட்டது, கட்டிவிட்டேன். எல்லாப் பாத்தியிலும் நம் ஊர் லாலாங் புல்லும் அந்தத் தென் அமெரிக்கக் கொடியும் முட்டி மோதிக்கொண்டு நிற்கின்றன. யார் ஜெயித்தால் எனக்கென்ன என்று சில நாள் தோன்றுகிறது. வாரம் முழுக்க லாரிக்கு டயர் மாற்றுகிறவன் ஞாயிற்றுக்கிழமையும் குனிந்தே கிடக்கிறேன்.

டிசம்பரில் கடைசி அறுவடை என்றாயே. கிறிஸ்மஸுக்கு வருவாயா? அதை மட்டும் எழுது.

அன்புடன்,
அலெக்சாண்டர்

*

கோத்தா கினபாலு
19 செப்டம்பர் 2024

அன்புள்ள அலெக்ஸுக்கு,

பெட்டி ஈரமில்லாமல் வந்து சேர்ந்தது. நீங்கள் கட்டி அனுப்புவதைப் போல இங்கே ஒருவருக்கும் கட்டத் தெரியாது.

எனக்கும் களைப்புதான். பகலெல்லாம் புல்லை நிறுத்துப் பார்க்கிறேன், அறைக்குப் போனால் மெகி சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறேன். மண்ணில் சத்து கூடினால் லாலாங்குக்கா கொடிக்கா லாபம், மழை குறைந்தால் எது தாங்கும் என்பதற்கு டிசம்பர் அறுவடைதான் பதில் சொல்ல வேண்டும். அது முடிந்தால் காம்பாரில் வேலை கேட்கலாம், வீட்டோடு வந்துவிடலாம். இவ்வளவு நாள் பொறுத்தீர்கள், இன்னும் கொஞ்சம்.

கிறிஸ்மஸ் பற்றிப் பார்க்கலாம். இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
ஜெனட்

*

சுங்கை சிப்புட்
27 அக்டோபர் 2024

அன்புள்ள ஜெனட்டுக்கு,

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. மாதத் தொடக்கத்தில் எனக்கு டெங்கி. ஈப்போ ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்திருந்தேன். நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பக்கத்து வீட்டு முத்தம்மா அக்காவிடம் சாவி கொடுத்தேன்.

திரும்பி வந்து பார்க்கிறேன், எந்தப் பாத்தியிலும் லாலாங் இல்லை. அக்கா வேரோடு கிளறி எடுத்துவிட்டார். "நீ படுத்துக் கிடக்கிற, தோட்டம் இப்படி நாறிப் போச்சே தம்பி. லாலாங்க ஒன்னு விடாம எடுத்துட்டேன். கொடிய மட்டும் விட்டு வச்சிருக்கேன்லா, மண்ணு காயாம மூடிக்கும்" என்று பெருமையாகச் சொல்கிறார். காலமெல்லாம் களை எடுக்கும் கும்பலில் வேலை செய்தவர். நிரையில் ஒரு லாலாங் முளை தெரிந்தால் வேலை வாங்கும் மண்டோர் எல்லார் முன்னாலும் ஏசுவாராம். ரப்பருக்கு அடியில் கொடியை அவர்களே படர விடுவார்களாம். அவரை நான் என்ன சொல்ல? உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தேன்.

வேலி ஓரத்து லாலாங்கைப் பிடுங்கி நட்டிருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. டிசம்பரில் நீயும் வந்திருப்பாய். கையில் சாங்கோல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். மனசு வரவில்லை.

ஒன்று மட்டும் கவனித்தேன். பாஜா போடாத பாத்திகளில் லாலாங் மறுபடி முளைக்கிறது. பாஜாவும் மழையும் சேர்ந்த பாத்திகளில் கொடி தரையே தெரியாமல் மூடிவிட்டது, அதற்கடியில் ஒன்றும் இல்லை. பாஜா போட்டுக் கூரையும் போட்ட இடத்தில் கொடி வாடிக் கிடக்கிறது, லாலாங் அங்கங்கே தலை நீட்டுகிறது.

அறுவடை கெட்டுப் போனது. கெட்டால் கெட்டது என்று வந்துவிடேன், ஜெனட்.

அலெக்ஸ்

*

கோத்தா கினபாலு
9 நவம்பர் 2024

அன்புள்ள அலெக்ஸுக்கு,

முதல் பக்கம் படித்தபோது உட்கார்ந்து அழுதேன். முத்தம்மா அக்கா மேல் கோபமில்லை. அடுத்த பக்கம் படித்ததும் எங்கள் தலைவரிடம் ஓடினேன். வேரோடு எடுத்த பிறகு நம் ஊர்ப் புல் எந்த மண்ணில் மீண்டு வருகிறது, எந்த மண்ணில் வருவதில்லை என்பது நாங்கள் கேட்கவே தோன்றாத கேள்வி. அக்கா கை வைக்காமல் இருந்தால் தெரிந்திருக்காது. ஆராய்ச்சியை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிக்க அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

எந்தப் பாத்தியில் எத்தனை முளை, எவ்வளவு உயரம் என்று உடனே எழுதுங்கள். கூரைகளை அவிழ்க்க வேண்டாம். உங்களைத் தவிர வேறு யாரையும் என்னால் நம்ப முடியாது, அலெக்ஸ். இந்த வருடம் கிறிஸ்மஸுக்கு வர முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஈஸ்டருக்குப் பார்க்கலாம்.

உங்கள்,
ஜெனட்

பி.கு. காய்ச்சல் முழுதாக விட்டுவிட்டதா?

*

சுங்கை சிப்புட்
1 டிசம்பர் 2024

அன்புள்ள ஜெனட்டுக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது.

நீ கேட்ட அளவெல்லாம் தனித் தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். முளைகளையும் பாத்தி வாரியாகப் பிரித்து உறையில் போட்டிருக்கிறேன். உனக்கு ஒரு நல்லது நடந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். பொய்யில்லை.

ஆனால் எனக்கு அலுத்துவிட்டது. நீ வருவாய், அதுவரைக்கும் பார்த்துக்கொள்வோம் என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். புல்லுக்காகப் போகவில்லை. அது உனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

ஈப்போவில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. பக்கத்திலேயே அறை பார்த்துவிட்டேன், புதன்கிழமை போகிறேன். வீட்டுச் சாவியும் தோட்டத்துச் சாவியும் முத்தம்மா அக்காவிடம் இருக்கும். இனி லாலாங்கைப் பிடுங்கக் கூடாது, அதைத்தான் காப்பாற்ற வேண்டும் என்று சொன்னேன். "லாலாங்குக்கா காவல்? எங்க மண்டோரு கேட்டா குழியிலேருந்து எழுந்து வந்துருவாரு" என்றார். ஆனாலும் நேற்று மாலை பாத்தி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார், நீ நம்பலாம். அளவெடுக்கவும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

உன் புத்தகங்களைக் கரையான் அரிக்காதபடி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். உன் துணிகளுக்கு ரசகற்பூரம் போட்டிருக்கிறேன்.

கிறிஸ்மஸுக்கு வருவாயா என்று இனி கேட்க மாட்டேன். ஈஸ்டருக்கும் கேட்க மாட்டேன்.

மூன்றாவது உறையில் ஈரம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பெட்டி வந்ததும் முதலில் அதைப் பிரித்துக் காயப்போடு.

அலெக்சாண்டர்