பயானும் பர்கானாவும்

அக்டோபர் 10, வெள்ளி

இன்றைய ஜும்ஆ தொழுகையில் என் பயான் உரை நன்றாக அமைந்தது. மிம்பர் மேடையில் எச்.ஐ.வி.யைப் பற்றிப் பேசுவதா என்று பள்ளிவாசல் நிர்வாகி முத்தவல்லி முகம் சுளித்தார். லாரியிலும் போர்வெல் ரிக் வண்டியிலும் மாதக்கணக்கில் வெளியூரில் கிடக்கும் ஜமாஅத் இது. இமாமான நான் பேசாமல் வேறு யார் பேசுவது? "நிக்காஹ் பேசும்போதே மாப்பிள்ளையை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கமில்லை" என்றேன்.

மாலையில், எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்து ஆலோசகர் சண்முகப்பிரியா போன் செய்தார். "எத்தன நோட்டீஸ் குடுத்தும் வராதவங்க இன்னிக்கி வந்துட்டாங்க ஹஸ்ரத்!" கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அல்லாஹ் மன்னிப்பானாக.

அக்டோபர் 13

மகள் பர்கானாவுக்கு வரன் முடிந்தது. பரமத்தி வேலூர் சாதிக். சொந்த லாரி, நாக்பூர் லைன். தங்கமான குடும்பம்.

பரிசோதனை? அவன் அப்பா முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 14

சோறு போட்டுக்கொண்டே பர்கானா கேட்கிறாள்: "அவர டெஸ்ட்டு எடுக்கச் சொன்னீங்களா அத்தா?"

"நல்ல குடும்பம்மா."

"அப்ப பயான் ஊரு மாப்பிள்ளைகளுக்கு மட்டுந்தானா?"

பொண்ணா இது, வக்கீலா! ஆனா கேட்டதுல என்ன தப்பு? ஒண்ணுமில்ல. எனக்குத்தான் பயம் — வரன் கைவிட்டுப் போயிட்டா?

அக்டோபர் 15

கேட்டுவிட்டேன். "எம் பையனச் சந்தேகப்படறீங்களா? வேற எடம் பாத்துக்குங்க." சாதிக்கின் அப்பா போனை வைத்துவிட்டார்.

அக்டோபர் 17, வெள்ளி

இன்றும் அதே பயான். வரன் போனால் போகட்டும்.

அக்டோபர் 21

அஸர் தொழுகைக்குப் பின் சாதிக் தனியாக வந்தான். "அப்பாகிட்ட நான் பேசிக்கறனுங்க ஹஸ்ரத். டெஸ்ட்டு எடுத்துட்டேன், ஒண்ணுமில்லீங்க." கட்டி அணைத்துக்கொண்டேன். அவன் மெல்லக் கேட்டான்: "உங்க பொண்ணும் எடுக்கோணுமில்லீங்களா?"

எம் பொண்ணா? யாரப் பாத்து என்ன பேச்சு பேசற — வாய்வரை வந்துவிட்டது. அவன் அப்பாவுக்கும் இப்படித்தானே சுருக்கென்றிருக்கும்? "சரிப்பா" என்றேன்.

அக்டோபர் 23

பர்கானாவோடு நம்பிக்கை மையத்துக்குப் போனேன். அவள் உள்ளே போக, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். நம் ஜமாஅத்துக்காரர் ஒருவர் வந்தார். பெயரை எழுத மாட்டேன். தொப்பியும் தாடியுமாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நடந்தார்.

"எங்க போறீங்க? வாங்க, உக்காருங்க" என்றேன் சத்தமாகவே. "எம் பொண்ணுதான் உள்ள இருக்கா. அடுத்தது நீங்க."

நின்றார். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.