மரியகுழந்தை சொன்ன ‘சீ’

1903 ஜனவரி 10, சனி

மரக்கிடங்கில் அறுப்பு முடிந்ததும், உடம்பில் ஒட்டிய தூளைக்கூடத் தட்டாமல் பேதுரு துரை சாப்பாட்டுக் கடைக்குப் போய்விட்டேன். பாலகாட் தங்கச் சுரங்கத்துப் பாதையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. கடையின் தகரக் கூரைக்கு மேலே பூண்டு வதங்கும் வாசனை தனி மேகம் மாதிரி நின்றது. முன்னறையில் நாலு மேசை. அதில் சுரங்கத்து இத்தாலிக்காரர்கள். அடுப்படியை ஒட்டிய பெஞ்சு நமக்கு.

இன்று துரை மஞ்சள் சோள மாவைக் கிண்டிப் பலகையில் கொட்டி, நூலால் அறுத்துக் கொடுத்தான். மேலே கோழிக் குழம்பு.

“துரை, இத்தனை தண்ணி தாண்டி வந்து எங்களுக்கே களி கிண்டிப் போடறீங்களே!”

“சீ, சீ” என்று சந்தோஷமாகத் தலையை ஆட்டினான். அவன் பாஷையில் சீ என்றால் ஆமாம். இது தெரியாத காலத்தில், “சாப்பாடு நல்லா கீது, நாளைக்கும் வரட்டுமா?” என்று கேட்டேன். “சீ” என்றான். மனுஷன் என்ன நினைப்பான்! ஒரு மாசம் அந்தப் பக்கமே போகவில்லை.

பியேத்ரோ என்பதுதான் அவன் பேர். அது நம் ராயப்பர் பேரேதான் என்று கோயில் சாமி சொன்னார். ஆக அவனும் ராயப்பன், நானும் ராயப்பன். நமக்கு அவன் துரை. வெள்ளைக்காரத் துரைமாருக்கு வெறும் இத்தாலிக்காரன்.

ஜனவரி 12, திங்கள்

விரலில் இன்னும் அந்தப் பூண்டு வாசனை. கழுவ மனசில்லை.

ஜனவரி 31, சனி

கடைக்குப் பின்னால் துணிக் கொடியில் மாவு நாடா நாடாவாகக் காய்ந்துகொண்டிருந்தது. மரியகுழந்தை குச்சியோடு காக்கை ஓட்டிக்கொண்டிருந்தாள். துரைக்கு அடுப்படியில் எல்லாம் அவள்தான். புருஷன் காய்ச்சலில் போன பிறகு இங்கே வந்து சேர்ந்தவள்.

“இன்னா மரியகுழந்தை, யார் வீட்டு அரைஞாண் கயிறு இதெல்லாம்?”

“உங்களுதுதான். ஒண்ணு எடுத்துக் கட்டிக்கினு போங்க.”

அதே நாடாவை வேகவைத்து, சீமைத் தக்காளிச் சாறு ஊற்றி, மேலே பாலாடைக்கட்டி துருவிப் போட்டாள். தொழுவத்தில் யாரோ மறந்துவிட்டுப் போன தயிர் மாதிரி ஒரு வாசனை. அதைச் சொன்னேன்.

“கண்ணை மூடிக்கினு துன்னுங்க. வாயையும் கொஞ்சம் மூடுங்க.”

மூடினேன். நாக்கில் அது கரைகிறபோது எங்கேயோ போய்விட்டேன். ஏதோ மலை, ஏதோ வெள்ளை. கண்ணைத் திறந்தால் அவள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கேலி செய்ய ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு!

பிப்ரவரி 25, விபூதிப் புதன்

ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான். சாமி நெற்றியில் சாம்பல் பூசி, “மண்ணாக இருக்கிறாய்” என்றார். நான் களியை நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வரிசை தள்ளி அவள் முக்காடு.

மார்ச் 7, சனி

துரை கடையை மூடப்போகிறான். அவன் அண்ணன் பம்பாயில் துறைமுகத்தை ஒட்டிப் பெரிய சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறானாம். தவக்காலம் முடிந்து, மே மாசத்துக்குள் கிளம்பிவிடுவான்.

“மரியாவும் வரும். அவ கை அங்கே வேணும்” என்றான்.

“நீ போறியா?” என்று மரியகுழந்தையைக் கேட்டேன்.

“கேட்டுக்கினே கீறாரு. இன்னும் பதில் சொல்லல. அங்க கடல் கீதாம். வாசல்ல நின்னாலே தெரியுமாம்.” சொல்லிக்கொண்டே தாமிரப் பானையைக் கிண்டினாள். அந்தப் பானைக்குள்ளேயே அவளுக்குக் கடல் தெரிந்த மாதிரி இருந்தது.

“நல்லதுதான். குழம்புக்கு உப்பு போடற வேலை மிச்சம்” என்றேன். பெஞ்சில் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இன்னாத்துக்கு எனக்கு ஒரு வாய்? எப்பப் பாரு இதையே பண்ணிக்கினு—

மார்ச் 8, ஞாயிறு

கனவு. மரக்கிடங்கில் தண்ணீர் புகுந்து மரமெல்லாம் மெதுவாக மிதக்கிறது. அவள் தாமிரப் பானையில் உட்கார்ந்து அகப்பையால் துடுப்புப் போடுகிறாள். நான் கரையில் ரம்பத்தோடு நிற்கிறேன். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். கூப்பிடவில்லை.

மார்ச் 14, சனி

மரியகுழந்தை மேல் எனக்கு மனசு என்று பாய்லருக்குக் கரி தள்ளுகிற பெருமாளிடம் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவே இல்லை.

“கடைக்கு வர்ற எங்களையெல்லாம் அண்ணேன்னுதான் கூப்புடறா. உன்ன இன்னான்னு கூப்புடறா?”

யோசித்துப் பார்த்தேன். “இன்னாங்க, ஏங்க… அவ்ளோதான்.”

“இது கூடத் தெரியல. போய்ச் சொல்லுய்யா. ஆனா சிரிக்காம சொல்லு.”

“சிரிக்காம எப்டிப்பா பேசறது?”

“பல்லு வலின்னு நெனச்சிக்கோ.”

மார்ச் 21, சனி

சொல்லிவிட்டேன்.

இத்தாலிக்காரர்கள் முன்னறையில் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் பின்கதவில் பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தூரத்துச் சுரங்கத்து மின்சார விளக்கெல்லாம் பனியில் பஞ்சு மாதிரி ஊதிக்கிடந்தன. பல் வலியை நினைத்துக்கொண்டேன்.

“பம்பாய் போகாத. என் வூட்டுக்கு வந்துடு. என் வூட்டுல கடல் இல்ல. தகரத்து மேல மழை பெஞ்சா கடல் மாதிரி சத்தம் கேக்கும்.”

“நீங்க கடலைக் கண்டீங்களா?”

“இல்ல. நீயும்தான் கண்டதில்லயே.”

நான் சிரிக்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, “சீ” என்றாள். பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

எந்த சீ?

மார்ச் 28, சனி

துரையிடமும் அவள் நாள் முழுக்கச் சீ சீ என்றுதான் பேசுகிறாள். நம்மிடமும் சொல்லுவாள், எருமை மாடு அடுப்படியில் மூக்கை நீட்டினாலும் சொல்லுவாள். இதில் எதை நான் எடுத்துக்கொள்வது? துரையையே கேட்டேன். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பலவிதமாகச் சொல்லச் சொன்னான். சொன்னேன்.

“எங்க சீ கீழே இறங்கும். உங்க சீ மேலே ஏறும். அவ சீ எது?”

“பாட்டுச் சத்தத்துல ஒண்ணியும் தெரியல, துரை.”

இரண்டு ராயப்பன்களும் எதிரெதிரே உட்கார்ந்து சீ, சீ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மரியகுழந்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சாப்பாடு வந்தது. வழக்கத்தைவிட அதிகம் வைத்திருந்தாள். இல்லை, எனக்குத்தான் அப்படித் தெரிந்ததா?

ஏப்ரல் 12, பாஸ்குத் திருநாள்

தவக்காலம் முடிந்தது. ஆட்டுக்கறி. உருளைக்கிழங்கோடு சேர்த்துச் சுட்டது. எலும்பில் விரல் பட்டதும் கறி கழன்று விழுந்தது. இப்படி ஒரு கறியைத் தின்றுகொண்டே ஒருத்தன் அழமுடியும் என்று எனக்குத் தெரியாது. பூண்டு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவள் புதுத் தகரப் பெட்டி வாங்கியிருக்கிறாள். மூடியில் ரோஜாப்பூ வரைந்தது. அடுப்படி மூலையில் இருந்தது.

பெட்டி வாங்கியாச்சு. அவ்ளோதான்.

ஏப்ரல் 14, செவ்வாய்

உபதேசியார் இன்பராஜ் வழியில் நிறுத்தி, “இன்னா ராயப்பா, உனக்கும் மரியகுழந்தைக்கும் கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிடலாமா?” என்று கேட்டார். இந்தப் பெருமாள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். கேலிதான் செய்கிறார் என்று எனக்கும் வீம்பு வந்துவிட்டது. “வாசிங்க, வாசிங்க. கடைசி வரிசைக்கும் கேக்கற மாதிரி சத்தமா வாசிங்க” என்றேன்.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

எழுத்தெல்லாம் கோணல்.

பூசையில் சாமி ஓலை வாசித்தார். முதல் ஓலை. யாரோ ராயப்பன், யாரோ மரியகுழந்தை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பன் பேரையும் சொன்னார். என் அப்பன் பேர்! தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று நிறுத்தினார். நான் எழுந்து நிற்கப் பார்த்தேன். கல்யாணம் எனக்கே தெரியாதே! பக்கத்தில் இருந்தவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

வெளியே வந்ததும் மரியகுழந்தையைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னா இது?”

“நீங்கதான கூப்ட்டீங்க? உபதேசியார் கேட்டப்பவும் சத்தமா வாசிக்கச் சொன்னீங்களாமே.”

“அப்ப அன்னைக்கு சீ-ன்ன?”

“ஆமா, சொன்னேன்.”

“எந்த சீ?”

“போங்க.”

“அப்ப அந்தப் பெட்டி?”

“உங்க வூட்ல பெட்டி கீதா? என் பொடவைய எதுல வைக்கிறது, ரம்பத்து மேலயா?”

“பம்பாய்? கடல்?”

முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். “கடல் எங்க போயிடப்போவுது” என்றாள். அப்போது மட்டும் அவள் குரலில் கேலி இல்லை.

வருஷக்கணக்காக ஊரையெல்லாம் கேலி செய்தவனை ஒருத்தி கோயிலில் வைத்து, சாமி வாயாலேயே கேலி செய்துவிட்டாள். வீடு வரைக்கும் கால் தரையில் படவில்லை.

மே 6, புதன்

கல்யாணம். விருந்து துரை சமைத்தான். அவளை அடுப்படிப் பக்கமே விடவில்லை. முன்னறை மேசையில் எங்களை உட்காரவைத்து, தோளில் துண்டு போட்டுக்கொண்டு, வெள்ளைக்காரத் துரைமாருக்குப் பரிமாறுகிற மாதிரி குனிந்து குனிந்து பரிமாறினான். அவளுக்கு நாற்காலியில் உட்காரக் கூச்சம். நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். மாவு நாடா, கோழி, பாலாடைக்கட்டி. பெருமாள் கட்டியை மோந்து பார்த்துவிட்டு என் தட்டில் தள்ளிவிட்டான்.

நாளை ரயிலில் துரை போகிறான். கடைச் சாமானில் தாமிரப் பானையை மட்டும் கையில் வைத்துக்கொண்டான். என்னைக் கட்டிக்கொண்டு அவன் பாஷையில் நிறையச் சொன்னான். ஒன்றும் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் சீ, சீ என்றேன்.

மே 16, சனி

அறுப்பு முடிந்து தூளோடு நடந்துகொண்டிருந்தேன். என்ன யோசனையோ தெரியவில்லை. நின்று பார்த்தால் பாலகாட் பாதையில், பூட்டிய கடை வாசலில் நிற்கிறேன். துணிக் கொடி வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. கதவை ஒரு தட்டுத் தட்டிக்கூடப் பார்த்தேன்.

வீட்டுக்கு வர இருட்டிவிட்டது. “எங்க போய்ட்டீங்க?” என்று கேட்டாள். பொய் சொல்ல வரவில்லை. சொன்னேன். நல்லா மாட்டினேன், இனி ஒரு வருஷத்துக்குக் கேலிதான் என்று காத்திருந்தேன்.

அவள் சிரிக்கவில்லை. தட்டை எடுத்து வைத்தாள்.

“மத்தியானம் நானும் போய்ப் பாத்துட்டு வந்தேன்” என்றாள்.

சோறும் கருவாட்டுக் குழம்பும். ரெண்டு பேரும் மெதுவாகச் சாப்பிட்டோம்.