குளவி முட்டையும் என் கிட்னியும்

தம்பி,

இன்று காலை ரசத்துக்குக் கறிவேப்பிலை கிள்ளப் போனேன். இலையில் ஒரு பச்சைப் புழு அசையாமல் கிடந்தது. அதைச் சுற்றி அரிசிக் குருணை போலச் சின்னச் சின்ன வெள்ளைக் கூடுகள். கை அப்படியே நின்றுவிட்டது. ரசம் வைக்கவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் இப்படியே ஒரு புழுவைக் காட்ட இதே செடிக்கு என்னை இழுத்து வந்தாய். கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தரும் உனக்குப் பூச்சி கிடைத்தால் சோறு வேண்டாம். "குளவி பண்ண வேலைக்கா இது. புழு உள்ள முட்டை வுட்டுடும். குஞ்சுங்க உள்ளயே வளந்து, வெளிய வந்து இந்தக் கூட்ட கட்டிக்கும். புழுவோட ரத்தத்துல காவலுக்கு அணுங்க கீது. அன்னியமா எது வந்தாலும் சுத்தி வளைச்சி சாவடிச்சிடும். அதுக்குத்தான் குளவி முட்டையோட ஒரு வைரஸையும் சேத்து வுடுது. அது போயி காவல அடக்கிடும்."

செடியை விட்டுத் தள்ளி நின்றேன். "அதுக்கு இன்னாடா இப்போ?"

"நீ குடுக்கப் போற கிட்னிதான்கா அந்த முட்டை. என் ரத்தமும் அத்த சும்மா வுடாது. குளவிக்கு வைரஸ், எனக்கு மாத்திரை."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ பிழைத்தால் போதும் என்றிருந்தது.

வேலூரில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மாத்திரையில் முகம் உப்பிப்போனாலும், நான் நெய்கையில் தறிப் பக்கம் உட்கார்ந்து வம்பளக்க ஆரம்பித்தாய். டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். மாத்திரையால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்காது, காய்ச்சல் என்றால் உடனே ஓடி வந்துவிடுங்கள்.

சித்திரையில் தெருவில் அம்மை போட்டது. உன் மேலும் முத்து கண்டதும் அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள், தறியை நிறுத்தச் சொன்னாள். "ஆத்தா வந்துகிறா. தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் படி தாண்டக் கூடாது." அக்கம்பக்கத்தாரும் அதையே சொன்னார்கள். கத்தினேன், அம்மா காலில் விழுந்தேன். ஒருவர் மனசும் இளகவில்லை. கூப்பிட்ட கார்க்காரர்கூட வேப்பிலையைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"காவல் இல்லாத புழுக்கா நானு. ஜல்தி இட்டுகினு போ" என்று முனகினாய்.

கடைசியில் கண்ணமங்கலம் வழியாக வேலூர் போன லாரியை மறித்து உன்னை ஏற்றினேன். வேலூர் போய்ச் சேரும்போது அம்மை நுரையீரலுக்கு இறங்கியிருந்தது. உன் மூச்சு சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லையடா.

டாக்டர் வெளியே வந்து என் தோளைத் தொட்டார். "அம்மைதாம்மா கொண்டு போயிடுச்சி. நீங்க குடுத்த கிட்னிய உங்க தம்பி உடம்பு ஏத்துக்கிச்சி. கடைசி வரைக்கும் நல்லாத்தான் வேலை செஞ்சிகினு இருந்தது."

அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அம்மையில் போனவனை எரிக்கக் கூடாதென்று புதைத்தார்கள். நன்றாக இருந்த என் கிட்னியும் உன்னோடு மண்ணுக்குள் போனது. குளிக்கும்போது விலாவுக்குக் கீழே தழும்பு கையில் தட்டுப்படுகிறது. அந்தக் கிட்னியோடு பிறந்த இன்னொன்று எனக்குள் இருக்கிறது, தம்பி. அது தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது. என்னால்தான் முடியவில்லை.